திங்கட்கிழமை மதியம் பழைய தில்லிக்குப் போகாதீர்கள்

பழைய தில்லியைத் தனியாகச் சுற்றப் போய் எனக்குத் தண்டமானது 2,000 ரூபாயும் நாலு மணி நேரமும். பணம் போனதைவிட எரிச்சல் என்னவென்றால், என்னை ஏமாற்றியவர் சொன்னதில் பாதி உண்மை. "செங்கோட்டை மூடியிருக்கு" என்றார், உண்மை. "ஜும்மா மசூதியில் இப்போ விடமாட்டாங்க" என்றார், அதுவும் உண்மை. இரண்டு உண்மைக்குப் பிறகு மூன்றாவதாகச் சொன்ன பொய்யை நான் சந்தேகப்படவே இல்லை. அந்த இரண்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவரிடம் நின்று பேசியிருக்கவே மாட்டேன். அதனால் புலம்பலைக் குறைத்துக்கொண்டு, எந்த இடம் எப்போது திறக்கும், எது எதற்குப் பக்கம், எங்கே எதில் மாட்டுவோம் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் பருவம். தில்லியில் வசந்தம் என்பது சின்னது. வசந்த பஞ்சமியில் ஆரம்பித்து ஹோலிக்குள் முடிந்துவிடும். பிப்ரவரி கடைசி வாரத்தில் காலை ஏழு மணிக்கு 12 டிகிரி போல இருக்கும், மதியம் 26ஐத் தொடும். நம்மூர்க்காரர்கள் குளிருக்குப் பயந்து கெட்டி ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பி, பதினொரு மணிக்கு அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, நெரிசலில் அது எங்கோ மாட்டி இழுபடும். மெல்லிய பருத்தி உடை, மேலே ஒரு சால்வை, அது போதும். சால்வை குருத்வாராவில் தலைக்கும் ஆகும், மிளகாய் மண்டியில் மூக்குக்கும் ஆகும். காலில் மாட்டச் சுலபமாகக் கழற்றும் செருப்பு அல்லது ஷூ, கூடவே ஒரு ஜோடிப் பழைய சாக்ஸ். மசூதி முற்றத்துக் கல் காலையில் ஐஸாக இருக்கும், மதியம் சுடும். சாக்ஸ் இல்லாமல் நான் குதிகாலில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ரயிலில் வந்து இறங்கி அப்படியே சுற்றக் கிளம்புகிறவர்கள் பெட்டியை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போடலாம். பெட்டிக்குப் பூட்டு இருக்கவேண்டும், பயணச்சீட்டைக் காட்டவேண்டும். ஜிப் மட்டும் உள்ள பையை வாங்கமாட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் பூட்டு விற்கிறார்கள், விலை அவர்கள் வைத்ததுதான். வீட்டிலிருந்தே ஒன்று எடுத்துப்போங்கள்.

இப்போது ஊரின் அமைப்பு. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி ஏமாற்று தானாகவே தீரும். ஷாஜகான் 1639இல் அடித்தளம் போட்ட ஷாஜகானாபாத் இது. கோட்டை 1648இல் முடிந்தது. கோட்டையின் லாகூரி வாசலுக்கு நேரே, மேற்கில் ஃபதேபுரி மசூதி வரை நூல் பிடித்தாற்போலப் போகும் தெருதான் சாந்தினி சௌக். அவருடைய மகள் ஜஹானாரா 1650 வாக்கில் போட்ட திட்டம். நடுவே வாய்க்கால் ஓடியது. இன்றைய டவுன் ஹால் இருக்கும் இடத்தில் இருந்த குளத்தில் நிலா ஒளி விழுந்ததால்தான் இந்தப் பெயர். இன்று நாம் நடக்கும் நீளம் ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர். மெதுவாக நடந்தாலே இருபது நிமிடம். "ரொம்ப தூரம், நடக்க முடியாது" என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்லப்பட்ட மூன்றாவது விஷயம் அதுதான்.

ஊரை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்வது நல்லது. ஏணியின் வடக்குக் கால் சாந்தினி சௌக். தெற்குக் கால், ஜும்மா மசூதியின் பின்புறமிருந்து ஹௌஸ் காஜி வரை போகும் சாவ்ரி பஜார். இரண்டையும் இணைக்கும் படிகள் மூன்று: கிழக்கே தரீபா கலான், நடுவே நயீ சடக், மேற்கே பல்லிமாரான். தரீபாவுக்கும் நயீ சடக்குக்கும் இடையில் குறுக்கே ஓடுவது கினாரி பஜார். அதிலிருந்து சாந்தினி சௌக்குக்கு ஏறும் குட்டிச் சந்துதான் பராட்டே வாலி கலி. சந்துக்குள் போன உடனே செல்போன் வரைபடத்தின் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். இருபக்கமும் நாலு மாடி, மேலே மின்கம்பிக் கூரை, வேறென்ன ஆகும்? அதை நம்பிச் சுற்றிச் சுற்றி ஒரே பித்தளைக் கடையை மூன்று முறை பார்த்தேன். வழி தவறினால் வரைபடத்தை மூடிவிட்டு, "சாந்தினி சௌக் கிதர்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கை காட்டுவார். பிரதான தெருவைத் தொட்டுவிட்டால் வழியை மறுபடி முதலிலிருந்து பிடிக்கலாம்.

நான் செய்த முதல் தப்பு கிழமை. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. பல்லிமாரானில் உருதுக் கவிஞர் காலிப் வாழ்ந்த ஹவேலிக்கும், அதாவது பழைய மாளிகைக்கும், திங்கள் விடுமுறை. சரி, ஞாயிறு போகலாம் என்றால் மொத்த வியாபாரக் கடைகளெல்லாம் ஞாயிறு பூட்டு. ஷட்டர் போட்ட தெருவைப் பார்க்க சிலருக்குப் பிடிக்கும், கட்டடங்களின் மேல்மாடி அப்போதுதான் கண்ணில் படும். ஆனால் மசாலா மண்டியோ ஜரிகைக் கடையோ பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு வீண். வெள்ளி மதியம் மசூதிப் பக்கம் ஜும்மா தொழுகைக் கூட்டம். மிஞ்சுவது செவ்வாய், புதன், வியாழன், சனி. சனிக்கிழமை நெரிசல் மிகுதி. ஆக, செவ்வாய் முதல் வியாழன் வரை. இன்னொன்றும் கவனிக்கவேண்டும்: 2026லும் 2027லும் ரம்ஜான் மாதம் பிப்ரவரி, மார்ச்சில்தான் வருகிறது. நோன்பு நாட்களில் ஜும்மா மசூதிக்கு எதிரே உள்ள மட்டியா மஹல் தெருவின் சாப்பாட்டுக் கடைகள் பகலில் பெரும்பாலும் அடைத்திருக்கும். மாலை இஃப்தாருக்குப் பிறகு அதே தெரு விடிய விடிய விழித்திருக்கும். அந்த மாதம் போனால் பகல் திட்டத்தையும் இரவுத் திட்டத்தையும் தனித்தனியே வகுத்துக்கொள்ளுங்கள். ஹோலிக்கு முந்தைய இரண்டு நாட்கள் வேண்டவே வேண்டாம். சந்தில் மேலிருந்து தண்ணீர் பலூன் விழும், போனோடு நனைவீர்கள்.

இரண்டாவது தப்பு நேரம். நான் லால் கிலா மெட்ரோவில் ஏறி வெளியே வந்தபோது பதினொன்றே முக்கால். பூட்டிய கோட்டை வாசல், பின்னாலேயே சைக்கிள் ரிக்‌ஷாக்காரர். ஜும்மா மசூதியில் பார்வையாளர்களைக் காலை ஏழிலிருந்து நண்பகல் வரை விடுவார்கள், பிறகு லுஹர் என்ற நண்பகல் தொழுகை முடிந்து ஒன்றரைக்கு மேல்தான். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும், ஆக அவர் சொன்னது சரிதான். "மசாலா மார்க்கெட், ஹவேலி, கோயில் எல்லாம் நான் காட்டறேன், தோ சௌ" என்றார். இருநூறுதானே என்று ஏறிவிட்டேன். நாலு இடத்தில் நிறுத்தினார். இறங்கும்போது இடத்துக்கு இருநூறு, மொத்தம் எண்ணூறு என்றார். வாக்குவாதம் செய்ய எனக்கு இந்தி போதவில்லை, சுற்றி ஆறேழு பேர் நின்றுவிட்டார்கள், கொடுத்துவிட்டு நகர்ந்தேன். வெயில், வெட்கம், பசி மூன்றும் சேர்ந்தால் யாரும் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ரிக்‌ஷா ஏறுவதே தப்பில்லை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை சாந்தினி சௌக் பிரதான தெருவில் மோட்டார் வண்டிக்குத் தடை. 2021 செப்டம்பரில் தெருவைச் சீரமைத்துச் செங்கல் நிறக் கருங்கல் பாவித் திறந்ததிலிருந்து அப்படி. கால் வலித்தால் சைக்கிள் ரிக்‌ஷாதான். ஏறும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். "எங்கிருந்து எங்கே?", "குல் கித்னா?" அதாவது மொத்தம் எவ்வளவு, "ஏக் ஆத்மி கா யா ரிக்‌ஷா கா?" அதாவது ஆளுக்கா வண்டிக்கா. பதிலை போனில் எண்ணாகத் தட்டி அவரிடமே காட்டிவிடுங்கள். மொழி பேசத் தெரியாததற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. "சுற்றிக் காட்டறேன்" என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மட்டும் பேசுங்கள். கையில் பத்து, இருபது, ஐம்பது நோட்டு இருக்கட்டும். ஐந்நூறை நீட்டினால் மீதி வரும் வரை நிற்கவேண்டியதுதான்.

அவர் நிறுத்திய ஒரு கடையில்தான் மீதி 1,200 போனது. குங்குமப்பூ. இரண்டு சின்ன டப்பா, ஒன்று 600. ஊருக்கு வந்து பாலில் போட்டால் நொடியில் சிவப்புச் சாயம் இறங்கி, நார் வெளுத்துப்போய் மிதந்தது. நல்ல குங்குமப்பூ அப்படிச் செய்யாது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்லப் பொன்மஞ்சள் நிறம் விடும், இழை சிவப்பாகவே இருக்கும். இழையின் ஒரு முனை எக்காளம் போல விரிந்திருக்கும். வாசனை தேனும் வைக்கோலும் கலந்தாற்போல, நாக்கில் வைத்தால் லேசான கசப்பு. இனித்தால் சர்க்கரைப் பாகில் தோய்த்தது. இந்தச் சோதனை கடையிலேயே செய்யலாம், ஒரு டம்ளர் தண்ணீரும் ஓர் இழையும் போதும். சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். ரிக்‌ஷாக்காரர் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தும் எந்தக் கடையிலும் அவருக்கான கமிஷன் உங்கள் விலையில்தான் இருக்கிறது.

இனி, அந்த நாளை மறுபடி கொடுத்தால் எப்படி நடப்பேன் என்பது. காலை ஏழுக்கு வயலட் லைனில் ஜாமா மஸ்ஜித் நிலையத்தில் இறங்கவேண்டும். மசூதி 1650இல் தொடங்கி 1656இல் முடிந்தது. சிவப்பு மணற்கல்லும் வெள்ளைப் பளிங்கும். மூன்று வாசலுக்கும் படிக்கணக்கு வேறு வேறு: வடக்கே 39, தெற்கே 33, கிழக்கே 35. காலையில் முற்றத்தில் புறாக்களும் நாலைந்து பெரியவர்களும்தான். நுழையக் கட்டணம் இல்லை. கேமராவுக்கும் போனுக்கும் கேட்பார்கள், வாசலில் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்துக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் தெரியும் உடையானால் மேலே சுற்றிக்கொள்ளத் துணி தருவார்கள், அதற்கும் காசு. செருப்பை ஒரு துணிப்பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டால் காவலுக்கு யாரையும் தேட வேண்டாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் தெற்கு வாசல், அதாவது ஒன்றாம் எண் வாசலில் இறங்கினால் எதிரே மட்டியா மஹல். காலை உணவு நிஹாரி. இரவெல்லாம் வெந்த இறைச்சிக் குழம்பு, புளித்த மாவில் சுட்ட கமீரி ரொட்டியோடு. காலையிலேயே அண்டா காலியாகிவிடும், பத்து மணிக்குப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

எட்டரை, ஒன்பது மணிக்குத் தரீபாவுக்குள் நுழைந்து கினாரி பஜாரில் திரும்புங்கள். கடைகள் திறக்கப் பத்தரை, பதினொன்று ஆகும். அதுதான் வேண்டியது. கூட்டமில்லாத அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் சந்து தெரியும். கினாரி பஜாரின் பக்கவாட்டில் நௌகரா என்றொரு முட்டுச்சந்து. ஒன்பது வீடு என்று பொருள். சமண வியாபாரிகளின் வீடுகள், வண்ணம் பூசிய வாசல், பூவேலைக் கல், கடைசியில் பளிங்குச் சமணக் கோயில். காலையில் போனால் திறந்திருக்கும். மக்கள் குடியிருக்கும் இடம். வாசல்களைப் படம் எடுப்பதானால் ஒரு வார்த்தை கேளுங்கள். மதியம் நான் போனபோது கோயில் அடைத்து, சந்து வாயை மறித்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் தௌலத் கி சாட் கிடைக்கும். பேரில் சாட் இருந்தாலும் காரமில்லை, இனிப்பு. பாலும் கிரீமும் கலந்து இரவுப் பனியில் வைத்து, விடியலில் கடைந்து, எழும்பும் நுரையை மட்டும் அள்ளி அடுக்குவார்கள். மேலே கொஞ்சம் குங்குமப்பூ நிறம், கோவா, நாட்டுச் சர்க்கரைப் பொடி. வாயில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. குளிர் விட்டால் நுரை நிற்காது. அதனால் கார்த்திகை வாக்கில் வந்து ஹோலியோடு காணாமல் போய்விடும். பிப்ரவரி கடைசி என்றால் கடைசி வாரங்கள். பகல் சூடு ஏறிவிட்டால் அதே தட்டில் நுரை அமுங்கி ஈரப் பால்போல ஆகிவிடும், ஆகவே பதினொன்றுக்கு முன் சாப்பிடுங்கள். கினாரி பஜார், தரீபா முனைகளில் மூங்கில் முக்காலியின் மேல் அகலத் தட்டோடு நிற்பார்கள். ஒரு கிண்ணத்துக்கு இடத்தைப் பொறுத்து ஐம்பதிலிருந்து நூறு ரூபாய். நான் இரண்டு மணிக்குத் தேடினேன். முக்காலிதான் இருந்தது.

தரீபாவில் வெள்ளியும் அத்தரும். வெள்ளி எடைக்கு விலை, கூலி தனி. தராசில் வைத்துக் காட்டச் சொல்லி, 925 முத்திரை பார்த்து, இரண்டையும் தனித்தனியே பில்லில் எழுதச் சொல்லுங்கள். அத்தர் கடைகளில் 1816இலிருந்து நடக்கும் குலாப் சிங் ஜோஹ்ரிமல் இருக்கிறது. அத்தரை மூன்றுக்கு மேல் ஒரே நாளில் முகராதீர்கள், மூக்கு மரத்துவிடும். மணிக்கட்டின் மேல்புறம் தடவி அரை மணி நடந்துவிட்டுத் திரும்பி வந்து வாங்குங்கள். உடனே அடிக்கும் வாசனை வேறு, தங்கும் வாசனை வேறு. ஷமாமா, ஹினா இரண்டும் குளிருக்கு. வெட்டிவேர், ரோஜா, மண்வாசனை அத்தர் இனி வரப்போகும் வெயிலுக்கு. சென்னைக்காரர்களுக்கு வெட்டிவேர் ஒன்று போதும் என்பது என் கட்சி.

பதினொன்றுக்குப் பிரதான தெரு. சீஸ்கஞ்ச் குருத்வாராவில் தலையை மூடவேண்டும், துணி அங்கேயே இருக்கும். செருப்பை வாங்கி டோக்கன் தருவார்கள், காசு இல்லை. சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூர் 1675இல் கொல்லப்பட்ட இடம் இது. லங்கரில், அதாவது எல்லாருக்குமான இலவசப் பந்தியில், உட்கார்ந்து சாப்பிடலாம், தயங்க வேண்டாம். நான் அன்று எங்கெங்கோ பணம் கொடுத்து அலைந்து கடைசியில் நிம்மதியாக உட்கார்ந்தது அங்கே தரையில்தான். பராட்டே வாலி கலியில் பராட்டா நெய்யில் கிட்டத்தட்டப் பொரித்து வரும். பழைய கடைகளில் வெங்காயம், பூண்டு கிடையாது. ஒரு ஆளுக்கு இரண்டு போதும். மூன்றாவது கேட்டால் நடை அத்தோடு முடிந்தது.

பன்னிரண்டரைக்கு ஃபதேபுரி மசூதியைத் தாண்டி காரி பாவ்லி. மிளகாய் மண்டி. முதல் நிமிடத்திலேயே இருமல் பிடிக்கும், சால்வை இப்போது மூக்குக்கு. ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளே போகவே வேண்டாம், வாசல் முனையில் இருக்கும் உலர்பழக் கடைகளோடு திரும்பிவிடுங்கள். "பச்கே!" என்று குரல் கேட்டால் நூறு கிலோ மூட்டையோடு கைவண்டி வருகிறது என்று பொருள். திரும்பிப் பார்க்காதீர்கள், சுவரோடு ஒட்டுங்கள். வண்டிக்காரருக்கு பிரேக் கிடையாது. சில்லறை வாங்குவதானால் கால் கிலோ, அரைக் கிலோ தருகிற கடையைப் பார்த்து, இரண்டு கடையில் விலை கேட்டு வாங்கவும். பெரிய ஏலக்காயும் உலர்ந்த மாங்காய்த் தூளும் நம்மூரைவிட அங்கே நன்றாக இருக்கும். நம்ம மிளகையும் பச்சை ஏலக்காயையும் அங்கிருந்து சுமந்து வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை. பெண்கள் தனியாகப் போனால் இதுதான் முதல் கவலை. மெட்ரோ நிலையக் கழிப்பறையைக் கிளம்பும்போதே பயன்படுத்திவிடுங்கள், இடையில் குருத்வாரா வளாகத்தைக் கேளுங்கள். தண்ணீர் குடிக்காமல் நடந்து தலைவலியோடு திரும்பியது என் அனுபவம், அது வேண்டாம்.

திரும்பும்போது சாந்தினி சௌக் மெட்ரோவுக்கே எல்லாரும் போவார்கள். மாலை நாலரைக்கு மேல் பை சோதனை வரிசை வாசல் தாண்டி நிற்கும். நான் நின்றது இருபத்தைந்து நிமிடம். ஃபதேபுரியிலிருந்து பல்லிமாரான் வழியே கண்ணாடிக் கடைகளைப் பார்த்துக்கொண்டே, காசிம் ஜான் சந்தில் காலிப் வாழ்ந்த வீட்டை எட்டிப்பார்த்துவிட்டு, ஹௌஸ் காஜி பக்கம் இறங்கினால் சாவ்ரி பஜார் நிலையம். எஸ்கலேட்டர் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும், அதே யெல்லோ லைன்தான். மூன்றரைக்குள் அங்கே இருந்தால் உட்கார இடமும் கிடைக்கும்.